மேஜிக்கல் மிஸ்டரி டூர் டிவிடியில் "சென்சார்ட்" என்று வருகிறது, எனக்கு மட்டுமா?

பழையரீல்:
வணக்கம். பீட்டில்ஸ் எடுத்த மேஜிக்கல் மிஸ்டரி டூர் படத்தை நேற்றிரவு பார்த்தேன். அதில் ஒரு கிளப் காட்சி. எல்விஸ் மாதிரி குரலை இழுத்து இழுத்து ஒருவர் பாடுகிறார், ஒரு பெண் உடைகளைக் களைந்தபடி ஆடுகிறார். முக்கியமான நேரத்தில் "சென்சார்ட்" என்ற சொல் வந்து மறைத்துவிடுகிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய டிவிடி. டிவிக்காக வெட்டிய பிரதியை என் தலையில் கட்டிவிட்டார்களோ? (ஆராய்ச்சிக்காகத்தான் கேட்கிறேன், நம்புங்கள்.) அப்புறம், அந்த பேண்ட் யார்? பியானோக்காரரை எங்கோ பார்த்த ஞாபகம்.

ரேடியோப்பெட்டி:
டிவிடி சரியாகத்தான் இருக்கிறது. அந்தச் சொல் படத்திலேயே உள்ள நக்கல். பேண்டின் பெயர் போன்சோ டாக் டூ-டா பேண்ட், பாடுபவர் விவியன் ஸ்டான்ஷால். லண்டன் சோஹோவில் ரேமண்ட் ரெவ்யூபாரில் எடுத்த காட்சி. பார்வையாளர்களில் பீட்டில்ஸின் லெனனும் ஹாரிசனும் இருப்பார்கள், கவனித்தீர்களா? பாட்டு 'டெத் கேப் ஃபார் க்யூட்டி'. 1997இல் அமெரிக்காவில் தொடங்கிய பேண்ட் தன் பெயரை இதிலிருந்துதான் எடுத்தது. அவர்களுடைய சோகப் பாட்டுகளைக் கேட்டவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்தால் அரண்டுபோவார்கள்.

தேங்காய்மூடி:
பியானோக்காரர் நீல் இன்னஸ். மான்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவின் 'மான்டி பைத்தான் அண்ட் தி ஹோலி கிரெயில்' (1975) படத்தைப் பார்த்திருப்பீர்கள். பயந்தாங்கொள்ளி சர் ராபினின் பின்னாலேயே போய், முதலில் அவர் வீரத்தையும் பிறகு அவர் ஓடிப்போனதையும் அதே உற்சாகத்தோடு பாடுவாரே, அவர்தான். பைத்தான்காரர்களோடு பழக்கம் 1967லேயே ஆரம்பம். பின்னாளில் பைத்தான்காரர்களான ஐடில், பேலின், ஜோன்ஸ் மூவரும் நடித்த 'டூ நாட் அட்ஜஸ்ட் யுவர் செட்' என்ற சிறுவர் டிவி நிகழ்ச்சியில் போன்சோக்கள்தான் பேண்ட். 1978இல் ஐடிலும் இன்னஸும் சேர்ந்து 'ரட்டில்ஸ்' என்று பீட்டில்ஸையே கிண்டலடித்துப் படம் எடுத்தார்கள். பாட்டெல்லாம் இன்னஸ். அதில் ஹாரிசனே நிருபராக வந்து போவார். போன்சோ தேடி வந்தவர் அதைப் பார்க்காமல் விடக்கூடாது.

பழையரீல்:
சர் ராபின்! அதேதான், நன்றி. இன்னொன்று: இங்கிலாந்தில் வளர்ந்த பெரியவர் ஒருவர், மேஜிக்கல் மிஸ்டரி டூர் கறுப்பு வெள்ளைப் படம் என்று சாதிக்கிறார். என் டிவிடியில் கலர்.

ரேடியோப்பெட்டி:
எடுத்தது கலரில்தான். 1967 டிசம்பர் 26 அன்று பிபிசி 1இல் கறுப்பு வெள்ளையில் போட்டார்கள். பெரியவர் அன்றைக்குப் பார்த்திருப்பார். அவரோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

பழையரீல்:
சரி. கடைக்காரருக்கு எழுதி வைத்திருந்த மெயிலை அழித்துவிட்டேன்.