அமெரிக்க கிரைண்டர் இங்கே சூடாகிறது, வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

நியூஜெர்சியிலிருந்து இங்கிலாந்தின் ரெடிங்குக்குக் குடும்பத்தோடு இந்தக் கோடையில் வந்தோம். கூடவே வந்த வெட் கிரைண்டர்தான் பிரச்சினை. 2 லிட்டர், டில்டிங் வகை. அடியில் 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் (மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற கணக்கு), 150 வாட் என்று போட்டிருக்கிறது. இங்கே வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்.

1000 வாட் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிப் போட்டேன். ஓடுகிறது, ஆனால் கல் மெதுவாகச் சுற்றுகிறது. கால் மணி நேரத்தில் மோட்டார் கை வைக்க முடியாத சூடு, அப்புறம் கருகல் வாடை. பெல்ட்டை இறுக்கியாச்சு, உளுந்தைப் பாதியாகக் குறைத்தும் பார்த்தாச்சு. ஒரு மாற்றமும் இல்லை.

டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்கான மோட்டார் 50-இல் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும், கரண்டும் கூடுதலாக இழுக்கும். அதனால் இன்னும் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வாங்கச் சொல்லாதீர்கள். கட்டட வேலையில் வைத்திருக்கும் மஞ்சள் பெட்டி டிரான்ஸ்ஃபார்மரும் இதே கதைதான். (பிள்ளைகளின் லேப்டாப் சார்ஜர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், பிளக் மாற்றினாலே போதும். கிரைண்டருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.)

கல்லும் பாத்திரமும் நன்றாக இருப்பதால் தூக்கிப்போட மனசில்லை. மோட்டாரை மட்டும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றிக் கொடுப்பவர் ரெடிங் அல்லது லண்டன் பக்கம் யாராவது இருக்கிறார்களா?