புதுப்பிப்பு: குரோஷே யானைக்குட்டியில் பஞ்சு எட்டிப் பார்த்த விஷயம்

குரோஷேயில், அதாவது கொக்கி ஊசியால் நூலைப் பின்னி, செய்த யானைப் பொம்மைக்குள் பஞ்சு அடைத்ததும் அது ஸ்டிட்ச் (பின்னல் கண்ணி) இடுக்குகளில் வெள்ளையாகத் தெரிகிறதே, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். சரியாகிவிட்டது.

பலரும் சொன்னபடி 4 மி.மீ. ஊசியை விட்டு 2.5 மி.மீ.க்கு மாறினேன். அதே பருத்தி நூல்தான். விரல் வலிக்கிறது, பொம்மையும் சின்னதாகிவிட்டது. ஆனால் பின்னல் கெட்டியாக நிற்கிறது. இன்னொரு யோசனை அதைவிட நன்றாக உதவியது: நூலை ஊசிமேல் சுற்றாமல், ஊசியை நூலுக்கு மேலே கொண்டுபோய்க் கொக்கியால் இழுப்பது. சிங்கிள் குரோஷே என்ற அடிப்படை ஸ்டிட்ச் பெருக்கல் குறி மாதிரி விழுகிறது, இடைவெளியும் குறைகிறது. வடிவம் குறுகுவதற்காக ஸ்டிட்ச் எண்ணிக்கையைக் குறைக்கும் இடத்தில் இரண்டு ஸ்டிட்சின் முன்பக்க லூப்பை (நூல் வளையத்தை) மட்டும் எடுத்துச் சேர்த்தேன். அங்கே முன்பு விழுந்த ஓட்டை இப்போது தேடினாலும் இல்லை.

அடர்நிறப் பஞ்சு வாங்கச் சொன்னவர்களுக்கு நன்றி, தேவைப்படவில்லை.

அப்புறம் கண்கள். பிளாஸ்டிக் கண் வேண்டாம் என்று முடிவு செய்தேன். அக்கா மகனுக்கு ஒரு வயதுதான், எதையும் வாயில் வைத்துக் கடிப்பான். கறுப்பு நூலால் தைத்துவிட்டேன். கொஞ்சம் தூங்கிவழிகிற யானைதான், அவனுக்குப் போதும். அடுத்தது முயல்.