ஸ்டாக் ப்ராசசர்: 2 3 4 + கொடுத்தால் 7 வராமல் 6 வருகிறது

மின்மினி: வணக்கம். ஐஸ்ஸ்டிக் எஃப்பிஜிஏ போர்டில் (உள்சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் சிப் கொண்டது) 16 பிட் ஸ்டாக் ப்ராசசர் ஒன்றை, வன்பொருளை விவரிக்கும் வெரிலாக் மொழியில் எழுதுகிறேன். எண்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஸ்டாக்கில் தள்ளும், + வந்தால் மேலே உள்ள இரண்டைக் கூட்டும். ஸ்டாக்கின் உச்சி மட்டும் ரெஜிஸ்டரில். மீதி, 32 இடம் கொண்ட மெமரியில். திரும்ப வேண்டிய முகவரிகளை வைக்கும் ரிட்டர்ன் ஸ்டாக்கும் அதே அளவு. முதலில் மெமரியைக் கிளாக் இல்லாமல் படிக்கிற மாதிரி எழுதியிருந்தேன். எல்லாக் கணக்கும் சரியாக வந்தது, ஆனால் சிப்பில் இடம் போதவில்லை என்று, சுற்றைச் சிப்பில் பொருத்தும் நெக்ஸ்ட்பிஎன்ஆர் மென்பொருள் நின்றுவிட்டது. படிப்பதையும் கிளாக் விளிம்புக்கு மாற்றியதும், சிப்பில் தனியாக உள்ள பிளாக் ராம் மெமரியில் உட்கார்ந்தது. ஆனால் இப்போது 2 3 4 + என்றால் 6 வருகிறது. கூட்டலுக்கு முன் ஒரு வெற்றுக் கட்டளை போட்டால் 7 வருகிறது. ஏன்?

கம்பிவட்டம்: இகாரஸ் என்ற வெரிலாக் சிமுலேட்டரில் புது வடிவம் என்ன தருகிறது? படிக்கும் முகவரியாக எதைக் கொடுக்கிறீர்கள்?

மின்மினி: அதிலும் அதே 6 தான். முகவரி, உச்சிக்கு அடுத்த மதிப்பு மெமரியில் எங்கே என்று காட்டும் ஸ்டாக் சுட்டி ரெஜிஸ்டர்.

கம்பிவட்டம்: அங்கேதான் சிக்கல், நண்பரே. 4-ஐத் தள்ளும் சுற்றில், 3 மெமரியின் மூன்றாம் இடத்துக்குப் போகிறது. அதே கிளாக் விளிம்பில் மெமரி படிப்பதோ பழைய சுட்டி காட்டும் இரண்டாம் இடத்தை. அங்கே இருப்பது 2. கூட்டல் வரும்போது கையில் 4-உம் 2-உம், அதனால் 6. வெற்றுக் கட்டளை போட்டால் சுட்டி ஒரு சுற்று அசையாமல் நிற்கிறது, சரியான மதிப்பு வந்து சேர்கிறது.

இரண்டு மாற்றம் தேவை. முதலாவது, சுட்டி ரெஜிஸ்டருக்குப் பதில் அதன் உள்ளே போகப்போகிற அடுத்த மதிப்பைப் படிக்கும் முகவரியாகக் கொடுங்கள். அப்புறம், எழுதுகிற இடத்தையே அதே விளிம்பில் படிக்க நேரும். அப்போது வெளியே பழையது வருமா புதியதா என்பதை நம்பி டிசைன் செய்யாதீர்கள். எழுதிய மதிப்பைத் தனி ரெஜிஸ்டரில் பிடித்து, ‘போன சுற்றில் எழுதினேன்’ என்று ஒரு பிட் கொடியும் வைத்து, கொடி 1 என்றால் மெமரிக்குப் பதில் அந்த ரெஜிஸ்டரை எடுங்கள். கொடியை ‘தள்ளு’ கட்டளையோடு கட்டாதீர்கள், எழுது சிக்னலோடு கட்டுங்கள். மேலே உள்ள இரண்டை இடம் மாற்றும் ஸ்வாப்பில் சுட்டி நகராது, ஆனால் எழுதுதல் உண்டு. ரிட்டர்ன் ஸ்டாக்குக்கும் இதே வைத்தியம். இல்லையென்றால் அழைத்த உடனே திரும்பும் ரொட்டீன் தப்பான முகவரிக்குப் போகும்.

சாலிடர்மணி: இடம் ஏன் போதவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் போர்டில் இருப்பது ஐஸ்40 குடும்பத்து எச்எக்ஸ்1கே சிப். அதில் லாஜிக் செல் மொத்தம் 1280. இரண்டு ஸ்டாக்குக்கும் 1024 ஃப்ளிப்ஃப்ளாப், பிட்டுக்கு ஒன்று, செல்லுக்கு ஒன்று. அதற்கு மேல் 32-இல் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் மக்ஸ் சுற்று வேறு. சைலிங்க்ஸ் எஃப்பிஜிஏ சிப்பில், லாஜிக் செய்யும் குட்டி அட்டவணையையே (எல்யுடி) கிளாக் இல்லாமல் படிக்கும் குட்டி ராமாக வைத்துக்கொள்ளலாம், அதனால் இதே கோடு அங்கே சிரமமில்லாமல் ஓடும். ஐஸ்40-இல் அந்த வசதி கிடையாது.

எனக்குப் பிடித்தது வேறு வழி. மெமரியும் வேண்டாம், சுட்டியும் வேண்டாம், ஸ்டாக்கையே ஷிஃப்ட் ரெஜிஸ்டராக எழுதுங்கள். தள்ளினால் எல்லாம் ஒரு படி கீழே, எடுத்தால் ஒரு படி மேலே. இரண்டாவது மதிப்பு எப்போதும் ஒரே இடத்தில் இருப்பதால் அந்தப் பெரிய மக்ஸே தேவையில்லை, தாமதமும் இல்லை. 16 ஆழம் வைத்தால் இரண்டு ஸ்டாக்குக்கும் சேர்த்து 512 செல். ஜேம்ஸ் பவ்மன் 2010-இல் வெளியிட்ட ஜே1 ஸ்டாக் ப்ராசசர் இருநூறு வரிக்குள் அடங்கும் வெரிலாக். அதை ஐஸ்40-க்குக் கொண்டுவந்த ஜே1ஏ-வில் ஸ்டாக் இப்படித்தான் இருக்கிறது. ஸ்டாக்கை வைத்தே கணக்கிடும் ஃபோர்த் மொழி நிரலுக்கு 16 ஆழம் தாராளம். எடுக்கும்போது அடியிலிருந்து 55ஏஏ (ஹெக்ஸ்) மாதிரி அடையாள எண் நுழையும்படி வைத்தால், ஸ்டாக் காலியான பிறகும் நிரல் எடுக்கிறதா என்று, சிக்னல்களை வரைந்து காட்டும் ஜிடிகேவேவில் பார்த்ததும் தெரிந்துவிடும்.

மின்மினி: இருவருக்கும் மிக்க நன்றி. ஷிஃப்ட் ரெஜிஸ்டருக்கு மாறினேன், 7 வருகிறது, இடமும் மிச்சம். இன்னொன்று: போர்டைச் செருகியதும் நிரலின் முதல் சில கட்டளைகள் ஓடாத மாதிரி இருக்கிறது. ரீசெட் கொடுத்தால் சரியாகிறது. என் டிசைனில் கட்டளையின் எல்லா பிட்டும் பூஜ்யம் என்றால் ‘0-வைத் தள்ளு’.

கம்பிவட்டம்: ஐஸ்40-இல் கான்ஃபிகரேஷன் (டிசைன் சிப்பில் ஏறுவது) முடிந்த உடனே சில மைக்ரோ விநாடிக்கு, நிரல் இருக்கும் பிளாக் ராம் பூஜ்யத்தையே தரும். உங்கள் ப்ராசசர் அதைக் கட்டளையாக எடுத்து 0-வைத் தள்ளிக்கொண்டே நிரலின் முதல் முகவரிகளைத் தாண்டிப் போய்விடுகிறது. 6 பிட் கவுண்டர் ஒன்று வைத்து, அது நிரம்பும்வரை ரீசெட்டைப் பிடித்து வையுங்கள். போர்டின் 12 மெகாஹெர்ட்ஸ் கிளாக்குக்கு அது போதும். ஜே1-இல் பூஜ்யம் என்பது முகவரி 0-க்குத் தாவும் கட்டளை, எனவே அது தொடக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். கட்டளை அமைப்பை மாற்ற இன்னும் வாய்ப்பு இருந்தால் அதையும் செய்துவிடுங்கள்.