மறு: பிரீமூவ் – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அன்புடையீர், வணக்கம். இணையச் சதுரங்கத்தில் எதிராளி யோசிக்கும்போதே நம் அடுத்த நகர்வைக் கொடுத்து வைப்பதுதான் பிரீமூவ். அதற்கான தமிழ்ச்சொல் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

> 'முன்நகர்த்தல்' போதாதா? மூலச்சொல்லுக்கு நேராக இருக்கிறதே.

நேராக இருப்பதுதான் சிக்கல். சதுரங்கத்தில் 'முன்' என்றதும் பலகையின் முன்பக்கம்தான் நினைவுக்கு வரும். 'சிப்பாயை முன்நகர்த்தினாள்' என்று எழுதினால், ஒரு கட்டம் முன்னே தள்ளினாள் என்றே படிப்பார்கள். எதிராளி யோசிக்கும்போதே ஆட்டத்தைக் கொடுத்து வைத்தாள் என்ற பொருள் வரவே வராது.

இன்னொன்று, இங்கே நகர்வு எதுவும் இன்னும் நடக்கவில்லை. காயை இழுத்து விட்டாலும் அது நிறுத்தி வைத்த உத்தரவுதான். எதிராளி ஆடிய கணத்தில், விதிப்படி செல்லும் என்றால் தளம் அதை ஆடிவிடும். செல்லாவிட்டால் தானே ரத்தாகும். நடுவில் மனம் மாறினால் நாமும் நீக்கிவிடலாம். அதனால் என் பரிந்துரை 'முன்பதிவு'. ரயில் டிக்கெட் வாசனை அடிக்கிறது என்பார்கள், அடிக்கட்டும். பதிவு, காத்திருப்பு, ரத்து மூன்றும் அந்தச் சொல்லோடு சேர்ந்தே வருகின்றன. வினையாக 'குதிரையை முன்பதிந்தேன்' என்றும் சொல்லலாம். போட்டிக்குப் பெயர் கொடுப்பதோடு குழம்பும் இடங்களில் 'நகர்வு முன்பதிவு' என்று முழுதாக எழுதிவிடலாம்.

> அஞ்சல்வழி ஆட்டத்தில் 'நிபந்தனை நகர்வு' உண்டு. அதையே வைத்துக்கொள்ளலாமே?

கூடாது. அது 'நீ இதை ஆடினால் நான் அதை ஆடுவேன்' என்பது. இது நீ எதை ஆடினாலும் நான் இதைத்தான் ஆடுவேன் என்பது. மூன்று நிமிட ஆட்டத்தில் பலர் தோற்பது இந்த வேறுபாட்டில்தான்.

ஓர் உதாரணம். வெள்ளை, ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறது. கருப்பு, ராஜா பக்கக் குதிரைக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுகிறது. வெள்ளை, ராணியின் சிப்பாயையும் இரண்டு கட்டம் தள்ள, கருப்பு காலியான இடத்தில் பிஷப்பை வைத்துவிட்டு, அடுத்து ராணியின் சிப்பாயை ஒரு கட்டம் தள்ள முன்பதிகிறது. இதை மோப்பம் பிடித்த வெள்ளை, தன் பிஷப்பைக் கருப்பு பிஷப்பின் வாய்க்கே கொண்டுபோய் வைக்கிறது. கருப்பு கண்ணைத் திறந்து ஆடினால் இலவசமாக ஒரு காய். ஆனால் முன்பதிந்த சிப்பாய்தான் நகரும், கருப்பு பிஷப் வெட்டுப்படும், மூலையில் இருக்கும் யானையும் மாட்டிக்கொள்ளும்.

பாதுகாப்பான முன்பதிவும் இருக்கிறது. எதிராளி வெட்டக்கூடிய நம் காய் நிற்கும் கட்டத்துக்கே இன்னொரு காயை முன்பதிவது. அவர் வெட்டினால் நாம் உடனே திருப்பி வெட்டுவோம். வெட்டாவிட்டால் அங்கே நம் காயே நிற்பதால் பதிவு ரத்தாகும். ஆடப் பழகுகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொண்டாலே பாதி தோல்வி குறையும் என்பது என் எண்ணம். கடைசி பத்து நொடியில் வேறு நியாயம், அங்கே துணிந்துதான் ஆக வேண்டும்.

> எல்லோரும் பிரீமூவ் என்றுதானே பேசுகிறார்கள்?

பேசட்டும். ஆனால் லிசெஸ் என்ற இணையச் சதுரங்கத் தளத்தின் இடைமுகத்தைத் தன்னார்வலர்களே மொழிபெயர்க்கிறார்கள். அமைப்புகள் பக்கத்தில் ஏதாவது ஒன்றை எழுதித்தானே ஆக வேண்டும்? அங்கே ஒரு நேரத்தில் ஒரு முன்பதிவுதான், அதற்குக் கடிகாரத்தில் நேரம் கழியாது. செஸ்.காம் என்ற இன்னொரு தளத்தில் பலவற்றை வரிசையாக வைக்கலாம், ஒவ்வொன்றுக்கும் 0.1 நொடி கழியும். அந்த வரிசைக்குத் 'தொடர் முன்பதிவு' போதும் என்று நினைக்கிறேன்.

சுட்டி தவறிக் காய் வேறு கட்டத்தில் விழும் 'மவுஸ் ஸ்லிப்'புக்கு யாரோ சொன்ன 'கைநழுவல்' அழகு. அதைப் பற்றி இனிப் பேச்சே வேண்டாம்.

'இன்க்ரிமென்ட்'டுக்கு நம் சொற்பட்டியலில் உள்ள 'நேர ஏற்றம்' எனக்கு ஒட்டவில்லை. முன்னாள் உலக சாம்பியன் பாபி ஃபிஷர் காப்புரிமை பெற்று, 1992இல் ஸ்பாஸ்கியுடன் ஆடியபோது பயன்படுத்திய கடிகாரத்திலிருந்து வந்த முறை அது. ஒவ்வொரு நகர்வுக்கும் சில நொடிகள் கூடும். உலக பிளிட்ஸ் (அதிவேக ஆட்ட) போட்டியில் ஒருவருக்கு 3 நிமிடமும் நகர்வுக்கு 2 நொடியும். 'கூட்டுநொடி' எப்படி? 'மூன்று நிமிடம், கூட்டுநொடி இரண்டு' என்று வாயில் சரளமாக வருகிறது. மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.