பேஸ் குரலுக்கு ஆபரா: ஒரு கட்டைக்காரர் எதை எடுக்கலாம்?

ஏற்காடு_மந்திரம்:
டிசம்பர்ல ஏற்காட்டுல கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி. எனக்கு பேஸ் குரல் (ஆண் குரல்லயே தாழ்ந்தது). ரெண்டு பாட்டு, மொத்தம் 8 நிமிஷம். சுருதி ஒரு கட்டை (சி). மந்திர பஞ்சமம் தெளிவா வரும். மேலே தார காந்தாரம் வரை பயமில்லை, மத்யமம் தொட்டா கத்தலாகுது. துணைக்கு கீபோர்டு மட்டும்தான். ‘கார்மென்’ டோரியடோர் பாட்டு, ரொஸ்ஸினியோட ‘லார்கோ அல் ஃபாக்டோடம்’ ரெண்டையும் சொல்றாங்க. எடுக்கலாமா?

அஸ்தம்பட்டி_பியானோ:
ரெண்டும் வேண்டாம் தம்பி. ‘லார்கோ’ பாரிடோனுக்கு (பேஸுக்கு மேல உள்ள நடுத்தர ஆண் குரல்) எழுதினது. ஜி வரைக்கும், அதாவது உங்க தார பஞ்சமம் வரைக்கும் போகும். ஒரு தடவை எட்டிப் பிடிச்சுட்டு இறங்கிடலாம்னு நினைக்காதீங்க, பாட்டே மேல்மாடியில குடியிருக்கு. டோரியடோர் பாரிடோனுக்குத் தாழ்வு, பேஸுக்கு உசரம். போதாததுக்கு கோரஸ் வேற வேணும்.

உச்ச சுரத்தை மட்டும் பார்த்து எடுக்காதீங்க. எந்த நாலைஞ்சு சுரத்துல பாட்டு அதிகநேரம் நிக்குதுன்னு நோட்டுல பென்சில் வட்டம் போடுங்க. அது உங்க மத்ய பஞ்சமத்துக்கும் தார ரிஷபத்துக்கும் நடுவுல விழுந்தா உங்க பாட்டு.

அந்தக் கணக்குக்கு மோசார்ட்டின் ‘நோன் பியூ ஆந்த்ராய்’ (1786) பாருங்க. சி மேஜர், உங்க கட்டையேதான். உச்சி இ, உங்க அந்தர காந்தாரம். 4 நிமிஷத்துக்குள்ள முடியும். பட்டாள நடை. ஓட்டிப் பாடினா புள்ளி வெச்ச தாளம் (நீளம், குட்டைன்னு மாறி வர்றது) திஸ்ரமா குழைஞ்சிடும், அங்கேதான் பாட்டு சாகும். பாதி வேகத்துல சொற்களை மட்டும் தட்டிச் சொல்லிப் பழகுங்க.

செவ்வாய்ப்பேட்டை_ஸ்ருதி:
நடிப்பும் வரும்னா ரொஸ்ஸினியோட ‘லா கலூன்னியா’ (அவதூறு, 1816). மூலம் டி மேஜர், உச்சி எஃப் ஷார்ப். சி மேஜருக்கு இறக்கிப் பாடறது பழைய வழக்கம்தான், கீபோர்டுல டிரான்ஸ்போஸ் -2. வதந்தி இளங்காத்தா கிளம்பி பீரங்கியா வெடிக்கணும். நிறைய பேர் நடுத்தர சத்தத்துல தொடங்கிட்டு, வெடிக்க வேண்டிய இடத்துல மிச்சம் எதுவும் இல்லாம நிப்பாங்க. முதல் பக்கம் பக்கத்துல இருக்கறவர் காதுல சொல்ற அளவு போதும்.

உச்சரிப்புல ஒரு பொறி. ‘வெந்திச்செல்லோ’வை (பாட்டுல வர்ற இளங்காத்து) நம்ம நாக்கு ‘வந்தது’ மாதிரி மெலிவா சொல்லிடும். ‘சத்தம்’ங்கறதுல வர்ற வல்லின த் அங்கே வேணும். ‘கன்னோனே’ (பீரங்கி) மாதிரி இரட்டை மெய் மட்டும் நமக்கு இனாம்.

கீபோர்டுல டச் (அழுத்தத்துக்கு ஏத்த மாதிரி சத்தம் மாறும் வசதி) இல்லேன்னா இந்தப் பாட்டை விட்டுடுங்க. கிரெஷெண்டோ, அதாவது படிப்படியா சத்தம் ஏத்தறது, வாசிக்கவே முடியாது.

சூரமங்கலம்_பேஸ்:
மோசார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ ஆபராவுல வர்ற சராஸ்ட்ரோ பாட்டு யாராவது சொன்னா யோசிங்க. ‘இன் டீஸன் ஹைல்கன் ஹாலன்’ எஃப் ஷார்ப் வரை இறங்கும், உங்க மந்திர பஞ்சமத்துக்கும் அரை சுரம் கீழே. அமுக்கினா வராது, தொண்டைக்குள்ளேயே நின்னுடும். ரெண்டாவது பாட்டுக்கு ‘வெக்கியா ஸிமார்ரா’ (லா பொஹேம், 1896) போடுங்க. 2 நிமிஷம்தான். தோழிக்கு மருந்து வாங்க பழைய கோட்டை அடகு வைக்கப் போறவன் அந்தக் கோட்டுக்கே விடை சொல்றான். முணுமுணுப்பு மாதிரி பாடணும், அழுதா கெட்டுப்போகும்.

ஏற்காடு_மந்திரம்:
61 கீ, டச் இருக்கு. ஒத்திகை சேலத்துல, நிகழ்ச்சி மேலே.

அஸ்தம்பட்டி_பியானோ:
அப்போ ‘கலூன்னியா’வும் ‘வெக்கியா’வும், 7 நிமிஷம் சொச்சம். 61 கீயில கீழ் ஆக்டேவ் இருக்காது, இடது கையில தாழ்ந்த ஆக்டேவ் வர்ற இடத்தை வாசிக்கறவர் முன்னாடியே ஒத்தைச் சுரமா மாத்தி எழுதி வெச்சுக்கணும். சஸ்டெயின் பெடல் மறக்காதீங்க. 20 கொண்டை ஊசி வளைவு ஏறினதும் காது அடைச்சிருக்கும், சுருதி சரியா கேக்காது. ஒரு மணி நேரம் முன்னாடியே போய், அடைப்பு விட்ட பிறகு வார்ம்-அப் ஆரம்பிங்க.