பன்றி டி செல்லில் இன்டர்ஃபெரான் காமா தெரியவில்லை, உதவுங்கள்

கேள்வி (குன்னூர், ஆய்வு மாணவி):
வணக்கம். கூடலூர் பக்கத்துப் பண்ணைகளில் சிஎஸ்எஃப் (கிளாசிக்கல் ஸ்வைன் ஃபீவர் என்ற பன்றி வைரஸ் நோய்) தடுப்பூசி போட்ட பன்றிகளின் டி செல்களை, அதாவது நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளணுக்களைப் பார்க்கிறேன். வெள்ளணுக்களைப் பிரித்து, பிஎம்ஏ, அயனோமைசின் என்ற வேதிப்பொருள்கள் கொடுத்துத் தூண்டி, சுரக்கும் புரதத்தைச் செல்லுக்குள்ளேயே நிறுத்தும் ப்ரெஃபெல்டின் சேர்த்து, சாயமேற்றிய செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓட்டுகிறேன். டி செல்லின் அடையாளமான சிடி3 தனிக் கூட்டமாக நிற்கிறது. தூண்டிய செல் சுரக்கும் டிஎன்எஃப் ஆல்ஃபா என்ற புரதமும் நன்றாக வருகிறது. அதேபோல் சுரக்க வேண்டிய இன்டர்ஃபெரான் காமா மட்டும் தூண்டிய குழாயிலும் தூண்டாத குழாயிலும் ஒரே மாதிரி. லேபில் இருக்கும் டிஎன்எஃப், காமா ஆன்டிபாடி இரண்டுமே மனிதப் புரதத்துக்கானவை. ரத்தம் மலையேறி வருவதற்குள் செல் கெட்டுவிடுகிறதா?

பதில் (சென்னை):
செல்லைச் சந்தேகப்படாதீர்கள்மா. டிஎன்எஃப் வருகிறது என்றால் தூண்டல், ப்ரெஃபெல்டின், ஆன்டிபாடி உள்ளே போகச் செல் சவ்வில் துளையிடும் பஃபர் எல்லாமே வேலை செய்கின்றன. மனித டிஎன்எஃப்புக்கான எம்ஏபி11 குளோன் (ஒரு குறிப்பிட்ட ஆன்டிபாடியின் பெயர்) பன்றியிலும் ஒட்டும்; உங்களுடையது அதுதானா என்று குப்பியில் பாருங்கள். காமா அப்படியில்லை, இனத்துக்கு இனம் அதன் அமினோ அமில வரிசை நிறைய மாறும். பன்றிக் காமாவுக்கென்றே உள்ள பி2ஜி10 குளோன் வாங்குங்கள். எம்ஏபி11, பி2ஜி10 இரண்டும் சுண்டெலி ஐஜிஜி1, அதாவது ஒரே வகை ஆன்டிபாடி. ஒரே குழாயில் போடுவதானால், முதல் ஆன்டிபாடியைப் பிடித்து நிறம் காட்டும் இரண்டாம் ஆன்டிபாடி வேண்டாம்; அது இரண்டையும் பிரித்தறியாமல் பிடித்துவிடும். சாயம் நேரடியாகக் கோத்தவையாக, வேறு வேறு நிறத்தில் எடுங்கள்.

அப்புறம், குன்னூர்க் குளிரில், வெள்ளணுக்களைப் பிரிக்கும் ஃபிக்கால் திரவத்தை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றாதீர்கள். 18–20 டிகிரிக்கு வந்தால்தான் சிவப்பணு ஒழுங்காக அடியில் இறங்கும். ரத்தத்தையும் ஐஸில் வைக்க வேண்டாம்.

மாணவி:
ரொம்ப நன்றி சார். திரவத்தில் உள்ள பன்றி காமாவை ஆன்டிபாடியால் அளக்கும் எலிசா கிட் ஒன்று இருக்கிறது. புது ஆன்டிபாடி வரும்வரை அதிலிருக்கும் ஆன்டிபாடியைச் செல்லுக்குப் போடலாமா?

பதில் (நாமக்கல்):
போடாதீங்க தங்கச்சி. எலிசாவில் அது பிடிப்பது திரவத்தில் கரைந்திருக்கும் புரதத்தை. நீங்கள் செல்லை ஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்திய பிறகு, அது ஒட்டும் இடமே உருமாறியிருக்கலாம். செல்லுக்குள் சாயமேற்றிச் சரிபார்த்தது என்று தரவுத்தாளில் இருந்தால் மட்டும் நம்புங்கள். புரதத்தை அளவுவாரியாகப் பிரித்துப் பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட் சோதனைக்கான ஆன்டிபாடிக்கும் இதே கதைதான்.

கிட்டை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். செல் வளர்க்கும் தட்டின் ஒரு கிணற்றில் (குழியில்) ப்ரெஃபெல்டின் இல்லாமல் தூண்டி, ராத்திரி முழுக்க விட்டு, மேல்திரவத்தை எலிசாவில் பாருங்கள். ப்ரெஃபெல்டின் இருந்தால் புரதம் செல்லை விட்டு வெளியே வராது, அதனால் அந்தக் கிணறு தனியாக இருக்கட்டும். தூண்டாத கிணறும் ஒன்று கட்டாயம். மேல்திரவத்தில் காமா ஏறியிருந்தால் பழைய ஆன்டிபாடியைத் தைரியமாக ஒதுக்கிவிடலாம்.

மாணவி:
குப்பியில் எம்ஏபி11 என்றே போட்டிருக்கிறது! காமாவின் தரவுத்தாளில் பன்றி என்ற பேச்சே இல்லை. அடுத்த ரத்தம் வந்ததும் எலிசா வைக்கிறேன், முடிவை இங்கேயே போடுகிறேன்.