7 மாதக் குழந்தைக்குக் கரப்பான் (எக்ஸிமா), பாலும் முட்டையும் ஒத்துக்காது: எந்த கிரீம், எவ்வளவு?

சிப்புட்_அம்மா:
வணக்கம். நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்து வீடு. பையனுக்கு 7 மாதம். பசும்பால், முட்டை இரண்டுக்கும் அலர்ஜி என்று டெஸ்டில் வந்திருக்கு. கன்னம், முழங்கை, கணுக்கால் எல்லாம் சொரசொரப்பு, ராத்திரி முழுக்கச் சொறியல். கிளினிக்கில் அக்வியஸ் கிரீம் டப்பாவும் 1% ஹைட்ரோகார்ட்டிசோன் (ஸ்டீராய்டு) ட்யூபும் கொடுத்தார்கள். அக்வியஸ் பூசினால் வீலென்று கத்துகிறான். மருந்துக்கடையில் ஓட்ஸ் லோஷன், ஆட்டுப்பால் கிரீம் காட்டுகிறார்கள். மாமியார் நல்லெண்ணெய் போதும் என்கிறார். எதைப் பூசலாம், நாளைக்கு எத்தனை தடவை?

மருந்துமேசை:
கத்துவதற்குக் காரணம் பெரும்பாலும் அக்வியஸ் கிரீமில் இருக்கும் சோடியம் லாரில் சல்ஃபேட். நுரை தருகிற பொருள் அது. தோலில் தங்கினால் எரியும், தோலை மெலிதாக்கும். டப்பாவை வீசவேண்டாம், சோப்புக்குப் பதிலாகத் தேய்த்துக் கழுவிவிடுங்கள். எமல்சிஃபையிங் ஆயின்ட்மென்டிலும் அதே பொருள் உண்டு, அதையும் அப்படியே.

பூசி விடுவதற்கு இரண்டு வேண்டும். பகலில் வாசனை சேர்க்காத கெட்டியான கிரீம். ராத்திரியில் சும்மா வெள்ளை வாசலின் (குழந்தை வாசனை போட்டது வேண்டாம்). லோஷனில் தண்ணீர்தான் அதிகம், கரப்பானுக்குப் பத்தாது.

ஓட்ஸ், ஆட்டுப்பால், பாதாம் எண்ணெய், கடலை எண்ணெய், கோதுமை சேர்ந்த எதுவும் இப்போது வேண்டாம். வெடித்த தோல் வழியாக உணவுப் பொருள் உள்ளே போனால் உடம்பு அதை எதிரியாகப் பழகிக்கொள்ளும். பசும்பால் ஒத்துக்காத குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஆட்டுப்பாலும் ஒத்துக்காது. அதனால் அந்த கிரீமைத் தொடவே வேண்டாம். நல்லெண்ணெயும் எள்தானே, எள் அலர்ஜி வந்தால் கடுமையாக இருக்கலாம்.

அளவில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். இந்த வயதுக்கு இந்தச் சாதா கிரீம் (ஹைட்ரோகார்ட்டிசோன் அல்ல) வாரம் 100 கிராம் போகவேண்டும். 500 கிராம் டப்பா 5 வாரத்தில் தீரணும். 50 கிராம் ட்யூப் இரண்டு மாதம் வருகிறதென்றால் நீங்கள் பூசவே இல்லை என்று அர்த்தம்! அதனால் விலை உயர்ந்த சின்ன ட்யூபைவிட, கட்டுப்படியாகிற பெரிய டப்பாதான் நல்லது.

புதுசு எதுவானாலும் முதலில் முன்கையின் உள்பக்கம் 5 காசு அளவுக்கு, நாளைக்கு இரண்டு வேளை, 7 நாள் பூசிப் பாருங்கள். ஒரே நாளில் தெரிந்துவிடாது.

செம்பனை_அக்கா:
தங்கச்சி, எண்ணெய் பூசியே ஆகணும் என்று மாமியார் நின்றால் சுத்தமான தேங்காய் எண்ணெய் ஓரளவு பரவாயில்லை. ஆனால் அது கிரீமுக்கு ஈடில்லை. ஆலிவ் எண்ணெய் வேண்டவே வேண்டாம், அது தோலின் காப்பையே கெடுக்கும். கோடாலித் தைலம், தெலோன் எண்ணெய் (குழந்தைகளுக்குப் பூசும் வாசனைத் தைலம்), பவுடர், மஞ்சள் எல்லாத்தையும் தூர வைங்க.

வெதுவெதுப்பான தண்ணீரில் 5–10 நிமிஷம் குளிப்பாட்டி, துண்டால் ஒற்றி எடுத்து, 3 நிமிஷத்துக்குள் கிரீம். தோல் ஈரமாக இருக்கும்போதே பூசினால்தான் அந்த ஈரம் உள்ளே நிற்கும். முடி வளரும் திசையிலேயே தடவுங்க. எதிர்த்துத் தேய்த்தால் மயிர்க்கால் அடைத்துக் கொப்புளம் வரும். டப்பாவுக்குள் விரலை விடாதீங்க, கழுவின ஸ்பூனால் எடுங்க.

நம்ம ஊர் புழுக்கத்தில் வாசலினைப் பகலில் அப்பினால் வியர்வை அடைத்து வேர்க்குரு வரும். கழுத்து மடிப்பில் சொரசொரப்புப் போய்ச் சின்னச் சின்ன முத்துப்போல் தெரிந்தால் அது வேர்க்குரு, அங்கே மெல்லிய கிரீம் போதும். சோறூட்டும் முன் வாயைச் சுற்றி மட்டும் கொஞ்சம் வாசலின் தடவினால் எச்சிலும் கஞ்சியும் உறுத்தாது.

வீட்டில் யாராவது மருந்தடிக்கும் வேலைக்குப் போனால் அந்த உடுப்பைத் தனியாகத் துவைங்க, அதோடு பிள்ளையைத் தூக்கவேண்டாம். கிரீம் ஊறின துணி சட்டென்று தீப்பிடிக்கும். சாம்பிராணி, குத்துவிளக்குப் பக்கம் கொண்டு போகாதீங்க.

சிப்புட்_அம்மா:
நன்றி அக்கா, அண்ணா. ஹைட்ரோகார்ட்டிசோன் முதலா, கிரீம் முதலா? அதைப் போட்டால் தோல் வெளுத்துவிடும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள்.

மருந்துமேசை:
எதை முதலில் பூசினாலும் நடுவில் 20–30 நிமிஷம் விடுங்கள், இல்லாவிட்டால் ஸ்டீராய்டு கலைந்து நல்ல தோலிலும் பரவும். பெரியவர் ஆள்காட்டி விரலின் கடைசிக் கோட்டிலிருந்து நுனிவரை பிதுக்கினால் அரை கிராம். பெரியவரின் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு (விரல்களையும் சேர்த்து) அது போதும். எத்தனை நாள் என்பது கிளினிக் சொன்னபடி.

வெளுப்பு பெரும்பாலும் கரப்பான் ஆறிய தடம், மாதக்கணக்கில் நிறம் திரும்பும். நம் கறுத்த தோலில் சிவப்பும் சரியாகத் தெரியாது. சாம்பலாக, ஊதாவாக, தடித்துத் தெரிவதுதான் கரப்பான் கிளம்பிய அடையாளம். கையால் தடவிப் பாருங்கள், கண்ணைவிட விரலுக்குச் சீக்கிரம் தெரியும்.

பசார் மாலாமில் (இரவுச் சந்தை) விற்கிற, லேபிள் இல்லாத "மூலிகை" கரப்பான் கிரீம் இரண்டே நாளில் பளபளவென்று ஆக்கினால் உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்கலாம், வாங்காதீர்கள்.

தேன் நிறப் பொருக்கு, சீழ் என்றால் மறுநாளே கிளினிக். ஊசியால் குத்தியதுபோல் ஒரே அளவுக் கொப்புளங்கள் கூட்டமாக வந்து காய்ச்சலும் சேர்ந்தால் ராத்திரியானாலும் ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்கள். அது ஹெர்ப்பிஸ் கிருமியாக இருக்கலாம்.